பிள்ளை சொல்லிவிட்டது, அப்புறம்?

இரவு பதினொன்றரை மணி. பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தியின் செல்போனுக்குத் தோழியிடமிருந்து ஒரு மெசேஜ் வருகிறது. “ஒண்ணு சொல்லட்டா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ப்ராமிஸ்?” இவளும் யோசிக்காமல் ப்ராமிஸ் என்று அனுப்பிவிடுகிறாள். அடுத்த வரி வருகிறது: “எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல.”

இவள் என்ன செய்வாள்? ஓர் அழுகிற முகம் அனுப்புவாள். “லூசு மாதிரிப் பேசாதடி, எல்லாம் சரியாயிடும்” என்பாள். மூன்று மணிவரை டைப் செய்துகொண்டே இருப்பாள். காலையில் கண் எரிய வகுப்புக்குப் போகும்போது வாசலிலுள்ள நோட்டீஸ் போர்டில் ஒரு ஹெல்ப்லைன் எண் ஒட்டியிருக்கும். முந்தைய இரவுக்கும் அந்த எண்ணுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது.

மாணவர்களின் மனநலம் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே ஆள் பற்றாக்குறையில் போய் நிற்கும். பற்றாக்குறை உண்மைதான். 250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சலர் வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கத்தின் பரிந்துரை. அந்த நாட்டிலேயே பெரும்பாலான மாநிலங்கள் அதை எட்டவில்லை. ஆனால் கவுன்சலர் இருக்கிற பள்ளியிலும், மருத்துவர் கிடைக்கிற ஊரிலும் பிள்ளைகள் விடுபட்டுப் போகிறார்கள். எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் கை மாறுகிற இடங்களில். தோழியிடமிருந்து ஆசிரியருக்கு, ஆசிரியரிடமிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து மறுபடி பள்ளிக்கு. ஒவ்வொருவரும் தன் பங்கைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ள, பிள்ளை நடுவில் நின்றுகொண்டிருக்கும்.

பள்ளி வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் கிட்டத்தட்டப் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவது தெரியவந்தது. பெரியவர்களின் நோய் என்று நாம் எண்ணியிருப்பது பள்ளிச் சீருடையில்தான் முதலில் வந்து நிற்கிறது.

ஆனால் பார்த்த உடனே தெரிகிற முகத்தோடு வராது. மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழுகிற பிள்ளையைத் தேடுகிறோம். பதின்ம வயதில் அது எரிச்சலாக வரும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறையே, சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் சோகமான மனநிலைக்குப் பதில் எரிச்சல் இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கதவை அறைந்து சாத்துவது, தங்கையிடம் காரணமில்லாமல் பாய்வது, திங்கட்கிழமை காலையானால் வயிற்று வலி, ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இல்லை. தூக்கம் தலைகீழாவது, உயிராக நினைத்த விளையாட்டை விடுவது, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. இவற்றில் ஒன்று இரண்டு நாள் இருந்தால் வயதுக் கோளாறாக இருக்கலாம். பலவும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ நட்பையோ சாப்பாட்டையோ தொட்டால் விசாரிக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்தப் பொருள்களைக் கொடுத்துவிடுகிற அறிகுறிக்கு மட்டும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. மார்க் குறையாத, ஹோம்வொர்க் தவறாத பிள்ளை. இவர்களைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசுவதில்லை. பேசாததே பிரச்சினை.

கேட்டால் தூண்டிவிட்டதாக ஆகுமா?

இதற்குப் பயந்துதான் பல ஆசிரியர்கள் வாயைத் திறப்பதில்லை. பெற்றோர்களும் அப்படியே. “செத்துப் போகணும்னு தோணுதா?” என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,300-க்கு மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2005-இல் வெளியாயின. பாதிப் பேரின் கேள்வித்தாளில் தற்கொலை பற்றிய கேள்விகள் இருந்தன, மீதிப் பேரின் தாளில் இல்லை. கேட்கப்பட்டவர்களின் மனவேதனை கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்கள், முன்பு முயன்றவர்கள் ஆகியோரிடையே, கேட்கப்பட்டவர்களின் வேதனை கேட்கப்படாதவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது.

சரி, எப்படிக் கேட்பது? நாலு பேர் முன்னால் வேண்டாம். மேஜைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக உட்கார்ந்து விசாரணை போலவும் வேண்டாம். பக்கத்தில் நடந்துகொண்டே கேட்கலாம். கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சு வருகிறது. முதலில் பார்த்ததைச் சொல்ல வேண்டும்: “ரெண்டு வாரமா நீ யாரோடவும் சேர்ந்து சாப்பிடறதில்ல, கவனிச்சேன்.” பிறகு நேரடியாக: “சில பேருக்கு இப்படி இருக்கும்போது சாகணும்னு எண்ணம் வரும். உனக்கு வந்திருக்கா?” சுற்றி வளைத்து “அந்த மாதிரித் தப்பான எண்ணம் எல்லாம் இல்லையே?” என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

‘ஆமாம்’ என்று வந்தால் ஆசிரியருக்கு அடுத்த வேலை அறிவுரை இல்லை. எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, எப்படி என்றுகூட யோசித்தாயா, இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்ற நாலு விஷயங்கள் தெரிய வேண்டும். வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் அது அவசரம். அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருந்து, பெற்றோரை வரவழைத்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே தன்னை ஏதாவது செய்துகொண்டிருந்தால் ஹெல்ப்லைன் தேடி நேரத்தைக் கழிக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

ரகசியம் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. “நீ சொல்றத எல்லாருக்கும் பரப்ப மாட்டேன். உன் உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னாலும், உன்னை யாராவது துன்புறுத்தறாங்கன்னாலும், அத மட்டும் நான் தேவைப்படறவங்ககிட்டச் சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” கவுன்சலர்களும் இதே எல்லையைத்தான் முதல் நாளே சொல்வார்கள். சொல்லாமல் வாங்கிய ரகசியத்தைப் பிறகு உடைத்தால் அந்தப் பிள்ளை வேறு எந்தப் பெரியவரிடமும் எளிதில் வாயைத் திறக்காது.

ப்ராமிஸை உடைக்கக் கற்றுக்கொடுப்பது

பதினொன்றரை மணி மெசேஜுக்குத் திரும்ப வருகிறேன். பள்ளியில் எதைச் செய்தால் பலன் கிடைக்கும் என்பதை அளந்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஐரோப்பாவில் பத்து நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள். 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பள்ளிகளை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் ஆபத்தில் இருக்கிற மாணவரை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஒன்றில் கேள்வித்தாள் வைத்துச் சலித்தெடுத்து நிபுணரிடம் அனுப்புவது. ஒன்றில் மாணவர்களுக்கே நேரடியாக வகுப்பு, அதில் பெரும்பகுதி நடித்துப் பார்ப்பது. நாலாவது பிரிவில் விழிப்புணர்வுப் போஸ்டர் மட்டும்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மாணவர்களுக்கே வகுப்பு நடந்த பள்ளிகளில் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் 0.70 சதவீதம், போஸ்டர் மட்டும் ஒட்டிய பள்ளிகளில் 1.51 சதவீதம். பாதிக்கும் கீழே. ஆசிரியர் பயிற்சியும் சலித்தெடுப்பும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் காட்டவில்லை. அந்த வகுப்பு மொத்தமே சுமார் ஐந்து மணி நேரம்தான்.

ஆசிரியர் பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. என் வாசிப்பு வேறு: பிள்ளைகள் முதலில் சொல்வது பிள்ளைகளிடம். கை மாறுகிற சங்கிலியின் அந்த முதல் கண்ணிக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காமல், மூன்றாவது நாலாவது கண்ணிகளையே நாம் பலப்படுத்திக்கொண்டிருக்கிறோம். அந்தத் தோழிக்குத் தேவையானது உளவியல் பாடம் இல்லை. “இந்த ஒரு ப்ராமிஸை மட்டும் உடைக்கலாம், உடைச்சா நீ துரோகி இல்ல” என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வது என்று ஓர் ஆளின் முகமாவது தெரிந்திருக்க வேண்டும். “நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் சேர்ந்து மிஸ்கிட்டப் போலாம், நான் கூட நிக்கறேன்” என்கிற வாக்கியத்தை வகுப்பில் ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவளுக்கு, இரவில் அது கைக்கு வரும். சொன்ன பிறகு அந்தத் தோழியையும் ஒருவர் விசாரிக்க வேண்டும். பல பள்ளிகளில் அவளை மறந்துவிடுகிறார்கள்.

ஹெல்ப்லைனில் என்ன நடக்கும்?

சாட் வாரா என்ற பாதிரியார் 1953 நவம்பரில் லண்டனில் ஒரு தேவாலயத்திலிருந்து ஒரே ஒரு தொலைபேசியோடு தொடங்கியதுதான் சமாரிட்டன்ஸ் என்ற ஹெல்ப்லைன். அதற்குப் பதினெட்டு வருடங்களுக்கு முன், 1935-இல், பாதிரியாராக அவர் நடத்திய முதல் அடக்கம் ஒரு பதின்ம வயதுப் பெண்ணுக்கு. மாதவிடாய் தொடங்கியதைப் பால்வினை நோய் என்று நினைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் உயிரை விட்டவள். அந்த நினைவுதான் அவரை இதில் இறக்கியது. தொடங்கிய பிறகு அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் டீ போட்டுக் கொடுத்துப் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசிய பலர், இனி பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று கிளம்பிப் போனார்கள். சில மாதங்களிலேயே, கேட்கிற வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார்.

இன்றும் ஹெல்ப்லைனின் சாரம் அதுதான். எடுப்பவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். எதிர்முனையில் சத்தமே இல்லாவிட்டாலும் உடனே வைத்துவிட மாட்டார். பேச முடியாமல் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிற அழைப்புகள் அவர்களுக்குப் பழக்கம். பேர் கேட்டால் சொல்லாமல் இருக்கலாம், பொய்ப் பேரும் சொல்லலாம். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா, கூட யார் இருக்கிறார்கள், என்ன நடந்தது என்று போகும் பேச்சு. பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதும் இல்லை. “என் பொண்ணு பேசமாட்டேங்கிறா, நான் என்ன செய்யட்டும்?” என்று அம்மா அழைக்கலாம், தோழி அழைக்கலாம்.

இந்தியாவில் 14416 (2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநல ஹெல்ப்லைன்), சிறுவர்களுக்கு 1098. இலங்கையில் 1926, சிறுவர்களுக்கு 1929. சிங்கப்பூரில் 1767. பிரிட்டனில் 116 123, சிறுவர்களுக்கு 0800 1111. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. வேறு எங்கே இருந்தாலும் அங்குள்ள எண்ணைத் தேடி இப்போதே போனில் ஏற்றிவைத்துவிடுவது நல்லது. தேவைப்படுகிற நேரத்தில் தேடுகிற நிதானம் இருக்காது.

எல்லையையும் சொல்ல வேண்டும். ஹெல்ப்லைன் அந்த இரவைக் கடத்தும். சிகிச்சை அது இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் எந்த அளவுக்கு ரகசியம் காப்பார்கள் என்பது சேவைக்குச் சேவை மாறும். பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போஸ்டரில் எண்ணை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிற பள்ளிகள் மேல்தான் எனக்குக் கோபம். எடுத்தால் என்ன கேட்பார்கள் என்று தெரியாத எண்ணுக்கு எந்தப் பிள்ளை போன் செய்யும்?

வீட்டுக்கு வரும் போன்

பள்ளியிலிருந்து போன் வந்தவுடன் பெற்றோர் வாயில் வருகிற முதல் வாக்கியம் பெரும்பாலும் “உனக்கு என்ன குறை வெச்சோம்?” என்பதுதான். புரிந்துகொள்ளக்கூடியதே, அவர்கள் பயந்துபோயிருக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாக விழும். அதற்குப் பதில் “சொன்னியே, அது போதும். சேர்ந்து பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பிறகு வேறு அறைக்குப் போய் அழலாம். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பழிபோடுவதை அந்த வாரம் மட்டுமாவது ஒத்திவைக்கலாம்.

அன்றே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மாத்திரைகள், பூச்சிமருந்து போன்ற ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுவது அல்லது பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்வது. “செய்யணும்னு நெனச்சா எப்படியும் செய்வாங்க” என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அப்படி இல்லை. உச்சகட்ட நெருக்கடி பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லையென்றால், அலை வடிந்துவிட இடம் கிடைக்கிறது. முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை.

அடுத்தது ஒரு தாள். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் ஆறு படிகள் கொண்டது. கவுன்சலரோ மருத்துவரோ பிள்ளையோடு உட்கார்ந்து, பிள்ளையின் சொற்களிலேயே நிரப்ப வேண்டும். ஒரு பையன் நிரப்பியதாக வைத்துக்கொள்வோம். எனக்கு மோசமாகப் போகிறது என்று எப்படித் தெரியும்: “லைட் போடாம படுத்திருப்பேன். யார் கூப்பிட்டாலும் எரிச்சல் வரும்.” தனியாக என்ன செய்யலாம்: “தலைல தண்ணி ஊத்திக்கறது. பழைய மேட்ச் வீடியோ.” யாரோடு இருந்தால் மனம் மாறும்: “பெரியப்பா பையன், கிரவுண்ட்.” யாரிடம் உதவி கேட்பேன்: ‘அப்பா’ என்று எழுதி அடித்துவிட்டு ‘சித்தி’ என்று எழுதியிருக்கிறான். அந்த அடித்தலைப் பார்த்து அப்பா மனம் நோகக் கூடாது; சித்தியின் எண் அவன் போனில் முதலில் இருக்கும்படி செய்ய வேண்டும், சித்தியிடமும் விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும். ஐந்தாவது மருத்துவர், ஹெல்ப்லைன் எண்கள். ஆறாவது, ஆபத்தான பொருள்களை அகற்றுவது. அது வீட்டாரின் வேலை.

அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வொன்றில், அவசர சிகிச்சைப் பிரிவில் இந்தத் தாளை நிரப்பி, வீடு திரும்பிய பிறகு தொடர்ந்து போன் செய்து விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தை 45 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் பெரியவர்கள்தான், ஆனால் பள்ளிக் கவுன்சலர்களும் இன்று இதே தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள். போன் செய்த பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

மருந்து எழுதிக் கொடுத்தால் அதற்கும் சில வார்த்தைகள். மனச்சோர்வு மருந்துகள் சில இளவயதினருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தொடக்கத்தில் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கு அந்த எண்ணமோ நடத்தையோ தென்பட்டது, யாரும் இறக்கவில்லை. மருந்தைத் தவிர்க்க இது காரணமாகாது. முதல் வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் கூர்ந்து கவனிக்க வேண்டும், மாத்திரை அட்டை பெரியவர் கையில் இருக்க வேண்டும், தேறிவிட்டது என்று நாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

திரும்பி வருகிற நாள்

எல்லாரும் மூச்சுவிடுகிற நேரம் இது. மருத்துவமனை முடிந்தது, பிள்ளை வீட்டில் இருக்கிறது. ஆனால் மனநல சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்த முதல் மூன்று மாதங்களில்தான் ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மருத்துவமனை பள்ளிக்குச் சொல்வதில்லை, பெற்றோர் வெட்கப்பட்டு “டைஃபாய்டு” என்கிறார்கள், வகுப்பில் வதந்தி வேறு மாதிரி ஓடுகிறது. கை மாறுவதில் மிக மோசமாக நழுவுவது இங்கேதான்.

திரும்புவதற்கு முதல் நாளே பெற்றோர், கவுன்சலர், க்ளாஸ் டீச்சர், பிள்ளை எல்லாரும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். காலையில் வாசலில் யார் சந்திப்பது? “எங்க போயிருந்தே?” என்று பசங்கள் கேட்டால் என்ன பதில்? அதைப் பிள்ளையே தீர்மானித்து ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும். விட்டுப்போன பரீட்சைகளில் எவை தள்ளிவைக்கப்படும், எவை கழிக்கப்படும்? வகுப்பில் தாங்க முடியாமல் போனால் காரணம் சொல்லாமல் எழுந்து போக ஓர் அட்டை, போய் உட்கார ஓர் அறை. மற்ற ஆசிரியர்களுக்கு எவ்வளவு சொல்வது? நோயின் பேர் வேண்டியதில்லை. “இந்த மாதம் இவனைப் போர்டுக்குக் கூப்பிட வேண்டாம்” என்பது போதும்.

அப்புறம் காத்திருப்பு. மருத்துவரின் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் ஐந்து வாரம் கழித்து என்றால் நடுவிலுள்ள முப்பத்தைந்து நாள் யாருடையது? ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் செய்த காரியம் இங்கே ஞாபகம் வருகிறது. மருத்துவமனையிலிருந்து போன பிறகு மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று சொன்ன 843 பேரில் ஒரு பாதிக்கு அவருடைய குழு கடிதம் எழுதியது. நலமா, எழுத விருப்பமிருந்தால் எழுதுங்கள் என்கிற அளவில், எதையும் கோராத சின்னக் கடிதங்கள்; ஐந்து வருடத்தில் ஓர் ஆளுக்கு 24. கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை விகிதம் குறைவாக இருந்தது, முதல் இரண்டு வருடங்களில் தெளிவாகவே. அவர்களும் பெரியவர்கள். இருந்தாலும் ஒரு க்ளாஸ் டீச்சர் வாரம் ஒரு முறை வீட்டுக்கு அனுப்புகிற இரண்டு வரி மெசேஜுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை, பட்ஜெட்டும் தேவையில்லை. மார்க்கைப் பற்றி அதில் எதுவும் இருக்கக் கூடாது. பதில் வராவிட்டாலும் அடுத்த வாரம் இன்னொன்று போக வேண்டும்.